நான் சரியென்று சொன்ன ஷிராஸ்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். கனத்த சிவப்பு ஒயினுக்கு நம் சாப்பாட்டில் எது பொருந்தும்? பதில் சின்னதுதான். கொழுப்புள்ள இறைச்சி பொருந்தும். மிளகு பொருந்தும். மிளகாய் கூடவே கூடாது, ஒயினில் இருக்கிற சாராயம் காரத்தைக் கிளறிவிட்டு வாயை எரித்துவிடும். மீன் அதைவிட மோசம். ஒருவர் மீன் தலைக் கறிக்கு ஷிராஸ் என்கிற கனத்த சிவப்புதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. முதல் வாய்க்கே துருப்பிடித்த சாவியைச் சப்பினது போல முகம் கோணிவிட்டது. ஆனாலும் விடவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே கிண்ணம் முழுவதையும் குடித்து முடித்தார்.

இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆறு மாதத்தில் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்தை. என்னால் ஒரு மனிதருக்கு என்ன ஆனது என்பதை. இதில் என் பெருமை பேசும் இடம் ஒன்றும் வராது. வேலையை விட்டுவிட்ட பிறகுதான் இதைச் சொல்கிறேன் என்பதிலும் எனக்கு வெட்கம் உண்டு.

ஒயின் பரிமாறும் வேலையில் இருபத்தெட்டு வருடம் இருந்தேன். சொமெலியே என்று உங்கள் சட்டையில் அழகாகக் குத்திக்கொள்கிறீர்கள். எனக்கு அப்படி ஒரு பட்டை கிடைத்ததில்லை. எல்லோருக்கும் நான் ஒயின் அக்கா. ஈசூன் பேட்டையில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருக்கிறவர்களுக்கு நான் ஏதோ ஹோட்டலில் வேலை பார்க்கிறவள், அதற்கு மேல் கேட்கமாட்டார்கள், நானும் சொல்லமாட்டேன். கடைசி ஒன்பது வருடம் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்த உணவகத்தில் கழிந்தது. தமிழ்ச் சாப்பாடுதான், ஆனால் பெரிய தட்டில் கொஞ்சமாக வைத்துக் கொடுக்கும் இடம்.

அங்கே சமையலறைக்குத் தலைவராக இருந்தவரை எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். அவருடைய தாத்தா காலத்திலேயே கடல் தாண்டி வந்து இங்கே வேர்விட்ட குடும்பம். ஐந்து வேளைத் தொழுகையை விடாதவர். ஒயினை அவர் ருசித்ததில்லை, ருசிக்கப் போவதுமில்லை. மேசையில் என் கிண்ணம் இருந்தால் தன் கரண்டியைக்கூடக் கொஞ்சம் தள்ளித்தான் வைப்பார். ஆனாலும் ஒயினோடு சாப்பிட இந்தப் பேட்டையில் அவரைப் போலச் சமைத்தவர் யாருமில்லை. அது எப்படி என்றால், அவர் என் நாக்கை வைத்துச் சமைத்தார்.

மதியக் கூட்டம் கலைந்த பிறகு நான் புது பாட்டிலைத் திறந்து சமையலறை வாசலில் நின்று ருசி பார்ப்பேன். அவர் உள்ளே நின்றபடி கேள்வி கேட்பார். பழவாசனை, ஓக் மரவாசனை என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற பேச்சு அவரிடம் செல்லாது. அவருக்குத் தெரிந்த ருசியில் சொல்லவேண்டும். நாவல்பழம் நாலைந்து தின்றால் நாக்கு எப்படி இழுக்கும், அப்படியா? பாலும் சீனியும் போடாத தே-ஓ தேநீர் ஆறிப்போனால் பல்லில் ஒட்டுமே, அதுபோலவா? எண்ணெயில் பொரியும் மிளகா, இடித்த மிளகா? நான் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். அரை மணி நேரத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதாவது வந்துவிடும். நான் ஒயினோடு சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொழுப்பு வேண்டும், புளியை எடுத்துவிடுங்கள் என்பேன். இரண்டாவது கிண்ணம் சரியாக இருக்கும்.

ஒருநாள் அவரிடம் கேட்டேன், இப்படிச் சமைப்பது உங்களுக்குச் சங்கடமாக இல்லையா என்று.

"சங்கடமா இல்லாம இருக்குமா அக்கா? வீட்ல தினம் ஒரு தடவை கேக்குறாங்க. நான் சமைக்கிறது ஆட்டுக்கறி. பக்கத்துல என்ன வச்சுக் குடிக்கிறாங்கன்றது அவங்க பாடு. ஆனா என் கறியைப் பக்கத்துல இருக்கறது கெடுத்துறக் கூடாது, அவ்வளவுதான்."

அப்படிப் பிறந்ததுதான் நல்லி மிளகுக் கறி. முதலில் மிளகாய்ச் சுக்காதான் செய்திருந்தார். அதை ஷிராஸோடு சாப்பிட்டவர்கள் தண்ணீர் கேட்டுக் கையைத் தூக்கினார்கள். பிறகு மிளகாயை அடியோடு எடுத்துவிட்டு, எலும்போடு ஆட்டுத் தொடையை நாலு மணி நேரம் வேகவைத்து, உள்ளே இருக்கும் நல்லியை வழித்து மிளகோடு கலந்தார். ஷிராஸின் துவர்ப்பை அந்தக் கொழுப்பு வாங்கிக்கொள்ளும். ஒயினிலேயே ஒரு மிளகு வாசம் இருக்கும், அது கறியின் மிளகோடு சேர்ந்துகொள்ளும். கறிக்காக ஒரு வாய் குடிப்பார்கள், ஒயினுக்காக ஒரு வாய் சாப்பிடுவார்கள். மூன்று வருடம் அந்தத் தட்டு மிச்சம் வந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் கொவிட் வந்தது. உணவகம் மாதக்கணக்கில் மூடிக் கிடந்து, திறந்து, மறுபடி பாதி மூடி, ஒருவழியாக முழுதாகத் திறந்தபோது எனக்கும் தொற்று வந்து போயிருந்தது. இரண்டு நாள் காய்ச்சல், ஒரு வாரம் இருமல். வேலைக்குத் திரும்பிய அன்று ஒரு பாட்டிலைத் திறந்து கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனேன். ஒன்றுமில்லை. பச்சைத் தண்ணீரை முகர்ந்தது போல இருந்தது. வீட்டுக்கு வந்து சூடத்தை முகர்ந்தேன், இஞ்சியை முகர்ந்தேன், கருவாட்டு டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டேன். அடுப்படியில் நின்று அழுதேன். டாக்டர், திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பத்தாறு வயதில் மூக்கு போன ஒயின்காரியை யார் வைத்துக்கொள்வார்கள் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிது கர்வம். புளிப்பும் கசப்பும் நாக்கில் தெரிந்தன. துவர்ப்பு என்பது வாய் இழுக்கிற உணர்ச்சி, அதற்கு மூக்கு வேண்டாம். மற்றதை ஞாபகத்திலிருந்து சொன்னேன். எங்கள் பட்டியலில் இருந்த அறுபது ஒயினும் எனக்கு மனப்பாடம். கிண்ணத்தைச் சுழற்றுவேன், கண்ணை மூடுவேன், போன வருடம் சொன்னதையே சொல்வேன். நாலு மாதம் ஓடியது. இவ்வளவு நன்றாக நடிக்க வருகிறதே என்று எனக்கே ஒரு சந்தோஷம் இருந்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

இந்த நேரத்தில் எங்கள் முதலாளி நகரத்துக்குள் இன்னொரு கிளை திறக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். சேர்ந்து நடத்த வந்தவர்கள் வெளிநாட்டிலிருந்து ஒரு சமையல்காரரைக் கொண்டுவரலாம் என்றார்களாம். ஒயின் குடிக்காதவர் ஒயினுக்கு எப்படிச் சமைப்பார் என்று அவர்களில் ஒருவர் கேட்டாராம். முதலாளிக்கு பாய்மேல் மரியாதை உண்டு. வந்து சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இருபது பேரைக் கூப்பிட்டார். அந்தச் சாப்பாட்டில் முடிவாகும், இரண்டு சமையலறைக்கும் பாய் தலைவரா, அல்லது அவருக்கு மேலே ஒருவர் வருவாரா என்று. பாய்க்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

நடுத்தட்டு நல்லி மிளகுக் கறி. கூட ஷிராஸ். மூடியிருந்த காலத்துக்கு முன்பே வாங்கி வைத்த ஒரு பெட்டி இருந்தது, பன்னிரண்டு பாட்டில்.

அன்று காலை பத்து மணிக்குத் திறக்க ஆரம்பித்தேன். முதல் பாட்டிலின் மேலுறையைக் கிழித்தபோதே விரலில் பிசுக்கென்று ஒட்டியது. தக்கையை இழுத்தேன். அதன் பக்கவாட்டில் அடியிலிருந்து நுனி வரை கருஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. இரண்டாவது பாட்டிலும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களில் நேற்றுச் சேர்ந்தவர்களுக்குக்கூடத் தெரியும். பாட்டில் சூடு வாங்கியிருக்கிறது. ஒயின் உப்பித் தக்கையோரமாகக் கசிந்திருக்கிறது. கடை மூடிக் கிடந்தபோது குளிர் அலமாரி எத்தனை நாள் நின்றுபோயிருந்ததோ, நம் ஊர் வெக்கையில் அது போதும். ஆனால் கசிந்ததெல்லாம் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. முகர்ந்து பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

நான் முகர்ந்தேன். வாயிலும் ஊற்றிப் பார்த்தேன். துவர்ப்பு இருந்தது. சாராயத்தின் சூடு இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த இடத்தில் கையில் பாட்டிலோடு நான் நின்ற நேரத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச நினைத்தேன். என்னிடம் வழி இல்லாமல் இல்லை. பரிமாறுகிற பெண்கள் இரண்டு பேர் பக்கத்திலேயே மேசை விரித்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தியைக் கூப்பிட்டு முகரச் சொல்லியிருக்கலாம். பட்டியலில் வேறு சிவப்பு இருந்தது, எடுத்துத் திறந்திருக்கலாம். மூன்று மணி நேரம் கையில் இருந்தது. ஆனால் அவளைக் கூப்பிட்டால், ஏன் அக்கா, உங்களுக்குத் தெரியவில்லையா என்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். பழைய தக்கை, இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண் சொன்னதை நம்ப மறுத்து, இல்லாத மூக்கை நம்பினேன்.

அப்போது பாய் வாசலுக்கு வந்தார். அன்றைக்கு அவர் என்னிடம் கேள்விகள் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அக்கா, பழைய மாதிரியே இருக்குதானே? ஒண்ணும் மாறலையே?"

"அதேதான் பாய். நீங்க உங்க வேலையப் பாருங்க."

அவர் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

கறி மேசைக்குப் போன பத்தாவது நிமிடம் பேச்சு குறைந்தது. ஒரு அம்மா தட்டை முன்னால் தள்ளி வைத்தார். இன்னொருவர் கறியை முகர்ந்து பார்த்தார். வந்தவர்கள் யாரும் ஒயினில் ஊறினவர்கள் இல்லை, முதலாளிக்கே விஸ்கியைத் தவிர எதுவும் தெரியாது. ஒயினும் ஆட்டுக்கறியும் முன்னால் இருக்கும்போது ஏதோ பழைய வாடை வருகிறது என்றால், யாராக இருந்தாலும் ஆட்டைத்தான் சந்தேகப்படுவார்கள். கறி பழசா என்று ஒருவர் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது. இருபது தட்டில் பதினான்கு அப்படியே திரும்பி வந்தன.

முதலாளி சமையலறைக்குள் வந்தார். அவர் கத்தவில்லை, கத்துகிற ஆளும் இல்லை. கறி எப்போது வாங்கியது என்று கேட்டார். காலையில் தேக்கா மார்க்கெட்டில் தன் மச்சான் கடையில் தானே நின்று வெட்டி வாங்கியது என்றார் பாய். பாத்திரத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார், எனக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்றார். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"ஒயின் சரியா இருந்துச்சா?"

பாயும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் எதுவும் இல்லை. நான் என்ன சொன்னாலும் அதுதான் உண்மை என்று எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்த முகம்.

"சரியாத்தான் இருந்துச்சு," என்றேன்.

பாய் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்போ கறியிலதான் ஏதோ இருக்கு சார். தனியா சாப்பிட்டா எனக்குத் தெரியல. ஒயினோட சேரும்போது என்ன ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்? அக்கா சரின்னு சொன்னா சரியாத்தான் இருக்கும். தப்பு என்னோடதுதான்."

அவரை யாரும் போகச் சொல்லவில்லை. புதியவர் வருவார், அவருக்குக் கீழே இருங்கள் என்றுதான் முதலாளி சொன்னார். பாய் ஒரு வாரம் பார்த்தார். பிறகு, கறி கெட்டிருப்பது தெரியாத சமையல்காரன் அடுப்பு முன்னால் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, தன் கத்திகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். போகும்போது என்னிடம் வந்து, உடம்பைப் பார்த்துக்கோங்க அக்கா என்றார். அந்த வாரம் முழுவதும் அவர் என் கண் முன்னால்தான் இருந்தார். ஏழு நாள், ஏழு தடவை மனசுக்குள் வாக்கியத்தை அமைத்து வைத்துக்கொண்டு, ஏழு தடவையும் வீட்டுக்குப் போய்விட்டேன்.

எனக்கு நிச்சயமாகத் தெரியாது என்றும் சாக்குச் சொல்ல முடியாது. அந்த விருந்துக்கு இரண்டாம் நாளே ஒயின் கொண்டுவந்து இறக்குகிற ஆள் வந்தான். மிச்சமிருந்த ஒரு பாட்டிலைத் திறந்து அவனிடம் ஒரு கிண்ணம் கொடுத்தேன். முகர்ந்ததுமே கிண்ணத்தை நீட்டிவிட்டான்.

"அய்யோ, இது வெந்துபோச்சு லா அக்கா. ஜாம் காய்ச்சிக் கருக விட்ட மாதிரி அடிக்குது. நீங்க பாக்கலையா?"

இதுதான் முதல் பாட்டில், இனிமேல்தான் மற்றதைப் பார்க்கவேண்டும் என்று அவனிடம் பொய் சொன்னேன். அவன் போனதும் மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டேன். பாய் அப்போது பத்தடி தூரத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் வேலை பார்த்தேன். வேறு யாருக்கும் கெடுதல் வராமல் இருக்க ஒரு வழக்கம் கொண்டுவந்தேன், ஒவ்வொரு பாட்டிலையும் இரண்டு பேர் முகரவேண்டும் என்று. எல்லோரும் பாராட்டினார்கள். முதலாளி அதைப் புதுக் கிளையிலும் கட்டாயமாக்கினார். நீங்கள் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறீர்கள், ஒயின் அக்கா போட்ட நல்ல சட்டம் என்கிறீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். மூக்கு அடைத்திருந்தால் அடைத்திருக்கிறது என்று சொல்லுங்கள். சொன்னால் அன்றைக்கு ஒருநாள் அவமானம், வேலையேகூடப் போகலாம். போகட்டும். உங்கள் வாயை நம்பி இன்னொருவர் அடுப்பு மூட்டியிருக்கிறார்.

வேலையை விட்ட பிறகுதான் பாயைத் தேடிப் போனேன். தேட வேண்டிய தூரமும் இல்லை. ஈசூனிலேயே, என் புளோக்கிலிருந்து நாலு பஸ் நிறுத்தம் தள்ளி, ஒரு கோப்பிக்கடையில் சூப் கம்பிங் என்கிற ஆட்டு சூப் கடை போட்டிருந்தார். காலை பதினொரு மணி, கூட்டம் இல்லை. என்னைப் பார்த்ததும் அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்தார். இளைத்திருந்தார். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஒரு கிண்ணம் ஆட்டு சூப் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"குடிச்சிட்டுச் சொல்லுங்க அக்கா. சீரகம் தூக்கலா இருக்கா? இங்க யார்கிட்ட கேட்டாலும் நல்லா இருக்கு, நல்லா இருக்குங்கறாங்க. உங்க நாக்கு சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை."

ஒரு கரண்டி குடித்தேன். சூடும் உப்பும் தெரிந்தன.

"தெரியல பாய்," என்றேன். "எனக்கு வாசனை தெரியாது. கொவிட் வந்ததுலேர்ந்து தெரியாது. அன்னிக்கும் தெரியாது. கறி நல்லாத்தான் இருந்துச்சு. ஒயின்தான் வெந்து கெட்டுப்போயிருந்துச்சு. எனக்கு அது ரெண்டு நாள்லயே தெரியும்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு.  ஆனால் அவர் சொன்னது என்னைப் பற்றியே இல்லை. தேக்காவில் இறைச்சிக் கடை வைத்திருந்த மச்சானைப் பற்றி. அந்த விருந்துக்கு மறுநாள் காலை பாய் நேரே அவர் கடைக்குப் போயிருக்கிறார். பழைய கறியைக் கலந்து கொடுத்துவிட்டாய் என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கேட்டிருக்கிறார். மச்சான் குர்ஆன்மேல் சத்தியம் பண்ணுகிறேன் என்று சொல்லியும் கேட்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. மனைவி அழுதும் அண்ணன் வீட்டுக்கு அனுப்பவில்லை. இரண்டு பெருநாளுக்கும் அவர் வீட்டு வாசலை இவர் மிதிக்கவில்லை.

இப்போது போய்ச் சொல்லிவிடலாம், நானே வந்து சொல்கிறேன் என்றேன்.

"போன நோன்பு மாசம் மவுத்தாயிட்டார் அக்கா. கடையில நிக்கும்போதே நெஞ்சு வலி. நான் கபர்ஸ்தானுக்குப் போனேன். மண்ணு போடும்போதுகூட மனசுக்குள்ள, பொய் சொன்னவன்தானேன்னு நினைச்சுக்கிட்டுத்தான் போட்டேன்."

கடைக்கு யாரோ வந்து நின்றார்கள். பாய் எழுந்தார். சூப் கிண்ணத்தைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்று என்னைப் பார்த்தார்.

"நீங்க வந்து என்கிட்ட சொல்லிட்டீங்க. நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?"

 அவர் அடுப்படிக்குப் போய், வந்தவருக்கு சூப் ஊற்ற ஆரம்பித்தார். நான் எழுந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.